ஸோலாவின் பேரங்காடியும் அடுக்கிய கைகளும்

அங்காடியைப் பாடுதல் தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கின்றது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்தைக் காட்டுமிடத்து, நுண்ணிய துணி நெய்யும் காருகரின் இருக்கையையும் பிற தொழிலாளரின் இருக்கைகளையும் விற்போர் வீதிகளோடு ஒருங்கு சேர்த்தே காட்டுகின்றது. விற்பவனுக்கு அருகே செய்பவனும் குடியிருந்த நகர் அது. ஆதலால் புலவனின் கண்ணுக்கு இருவரும் தப்பவில்லை. செய்யுமிடமும் விற்குமிடமும் வெகுதூரம் பிரிந்துபோன பிற்காலத்தில், கண்ணாடிக்குப் பின்னால் பண்டம் மாத்திரம் தனித்து நிற்கத் தொடங்கிய நிலையில், எழுத்தாளன் அங்காடியை எவ்வாறு கண்டான் என்பது ஆராயத்தக்கதொரு வினா. அவ்வினாவுக்கு எமில் ஸோலாவின் 'ஓ பொனேர் தெ தாம்' என்னும் நாவலைப்போல விடை தரும் பிறிதொரு நூலை நான் அறியேன்.

'மாதர் மகிழ்ச்சி' என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். அது நாவலின் பெயர் மாத்திரமன்று. நாவலில் வரும் பேரங்காடியின் பெயருமாகும். இருபது நாவல்களைக் கொண்ட 'ரூகோன்-மக்கார்' வரிசையில் பதினோராவதாக 1883ஆம் ஆண்டில் இது நூலுருப் பெற்றது. எழுதுவதற்கு முன்னர், 1882இல், ஸோலா பாரிஸ் நகரின் 'பொன் மார்ஷே', 'லூவ்ர்' ஆகிய பேரங்காடிகளுக்கு நேரிற் சென்று, ஊழியரின் சம்பளம், உணவு, உறைவிடம் முதலியன பற்றிக் கட்டுக்கட்டாகக் குறிப்பெடுத்தார். கதை நிகழுங் காலம் 1864 முதல் 1869 வரை. வலோஞ் என்னும் சிற்றூரிலிருந்து தாய் தந்தையரை இழந்த தெனிஸ் என்ற பெண் தன் தம்பியர் இருவருடன் பாரிஸுக்கு வருகின்றாள், பேரங்காடியில் வேலைக்குச் சேர்கின்றாள், இழிவுபடுத்தப்படுகின்றாள், வெளியேற்றப்படுகின்றாள், மீண்டும் அழைக்கப்படுகின்றாள், ஈற்றில் முதலாளி மூரேயை மணக்கும் நிலைக்கு உயர்கின்றாள். எதிர்ப்பக்கத்தில் அவளுடைய சிறிய தந்தை போதூவின் இருண்ட துணிக்கடை சிறிது சிறிதாகச் சாகின்றது. கதை இவ்வளவே. சுருக்கிச் சொன்னால் சினிமாக் கதை போலத் தோன்றும். அத்தோற்றத்துக்கு ஓரளவு காரணமும் உண்டு. அதைப் பின்னர் நோக்குவோம்.

இந்நாவலைப் பல ஆண்டுகளுக்கு முன் ஆங்கில மொழிபெயர்ப்பிற் படித்து, உயர்தர வகுப்பு மாணவிகளுக்குக் கதையாகச் சொல்லியிருக்கின்றேன். பாடத்திட்டத்தில் இல்லாததைச் சொல்லி நேரத்தைக் கழிப்பதாக அதிபர் ஒரு முறை குறைபட்டதுமுண்டு. அன்று பின்வாங்கிலிருந்து கேட்ட ஒரு மாணவி, இன்று பாரிஸில், விலையுயர்ந்த ஆடைகளையும் கைப்பைகளையும் விற்கும் கடையொன்றில் வேலை செய்கின்றாள். எந்தக் கடை என்பது இக்கட்டுரைக்கு வேண்டுவதன்று. நாவலைப் பிரெஞ்சு மொழியிலேயே படித்து முடித்துவிட்டு அவள் எனக்கு எழுதிய நீண்ட கடிதமே நான் இந்நூலை மறுபடி திறந்து பார்க்கவும், முன்னர் வகுப்பிற் கூறியவற்றுட் சிலவற்றைத் திருத்திக்கொள்ளவும் காரணமாயிற்று.

அவளுடைய தொழிலின் பெயரை அவளே விளக்குகின்றாள்: "மேர்ச்சண்டைசர் எண்டு சொன்னால் அங்கை எங்கடை ஆக்கள் காமன்ற்ஸிலை ஓடர் பாக்கிற வேலை எண்டு நினைப்பினம். இஞ்சை அது இல்லை ரீச்சர். சாமானை எங்கை வைக்கிறது, எப்பிடி வைக்கிறது, எத்தினை வைக்கிறது, அதுதான் என்ரை வேலை."

காலை ஆறு மணிக்கு உள்ளே போகின்றார்கள். கடை திறப்பது பத்து மணிக்கு. தலைமையகத்திலிருந்து படங்களோடு கூடிய ஒரு வழிகாட்டிப் புத்தகம் வந்திருக்கும். எந்தப் பொம்மைக்கு எந்தக் கோட்டு, எந்தத் தட்டில் எந்தப் பை, இரண்டுக்குமிடையே எத்தனை சென்ரிமீற்றர் என்பனவெல்லாம் அதிலுண்டு. நீராவியால் மடிப்பு நீக்குதல், ஹாங்கர்களின் கொளுக்கிகளை ஒரே திசைக்குத் திருப்புதல், பைகளின் வயிற்றில் தாளைத் திணித்து உருவங் கொடுத்தல், விலைச்சீட்டைக் கண்ணிற் படாமல் உள்ளே மடித்தல், விளக்கைத் தோளில் விழுமாறு திருப்புதல், கையுறையோடு கண்ணாடியைத் துடைத்தல் ஆகியவை முடிந்த பின் படமெடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். கிழமைதோறும் விற்பனைக் கணக்கு வரும். விலைபோகாதது பின்னுக்கும் விலைபோவது வாசலுக்கும் மாறும். கடை திறக்கும்போது இவையெல்லாம் தாமாகவே அப்படி இருந்தன போலத் தோன்ற வேண்டும். "அடுக்கினது மாதிரித் தெரிஞ்சால் அது அடுக்கினது இல்லை எண்டு எங்கடை மேலாளர் சொல்லுவா" என்று எழுதுகின்றாள்.

இவ்வொரு வாக்கியத்தை மனத்திற் கொண்டு ஸோலாவை மறுபடி படித்தேன்.

அடுக்குதல் ஒரு கலை, ஓர் அதிகாரம், ஒரு போர்முறை என்பதை இலக்கியத்தில் இவ்வளவு தெளிவாக நிறுவியவர் ஸோலாவே எனலாம். இரண்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகின்றது. பட்டுப் பகுதியில் உத்தேன் என்னும் விற்பனையாளன் நிறங்களை ஒன்றோடொன்று இயையுமாறு, கண்ணுக்கு இதமாகத் துணிகளை அடுக்கிக்கொண்டிருக்கின்றான். மூரே வருகின்றான், கண்ணை ஏன் காப்பாற்றுகின்றாய், அதைக் குருடாக்கு என்கின்றான், தானே துணிக்கட்டுக்களை அள்ளிச் சிவப்பின்மேல் பச்சையும் பச்சையின்மேல் மஞ்சளுமாக எறிந்து தீப்பற்றியெரிவது போலக் குவிக்கின்றான். பாரிஸின் முதன்மையான காட்சியமைப்பாளன் அவன் என்று நாவல் கூறுகின்றது. ஒன்பதாம் அதிகாரத்தில் இன்னொன்று. புதிய கட்டடத் திறப்பு விழாவுக்கு முன்னர் எல்லாப் பகுதிகளும் ஒழுங்காக, தர்க்கமுறையாக அமைந்துவிட்டன. மூரேக்கு அது பிடிக்கவில்லை. வேண்டியதை வாங்கியவள் நேரே வெளியேறிவிடுவாள் அல்லவா? ஆகவே ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றைக் கடையின் நான்கு மூலைகளுக்கும் சிதறடிக்கின்றான். ஊசி வாங்க வந்தவள் கம்பளத்தையும் கையுறையையும் கடந்து நடக்க வேண்டும். நடக்கும் வழியில் நினையாததை வாங்க வேண்டும். 5 பிராங்கு 60 சதத்துக்கு ஒரு பட்டை நட்டத்துக்கே விற்று, அதைக் கொண்டு கூட்டத்தை உள்ளே இழுக்கும் உபாயமும் இதனோடு சேர்ந்ததே. இன்றைய பெருங்கடைகளின் சூத்திரங்கள் அனைத்தும் 1883இலேயே எழுதப்பட்டுவிட்டன என்று வியப்போரின் வியப்பு பொய்யன்று.

எனினும், எழுதப்பட்ட முறையிலேதான் என் முரண்பாடு இருக்கின்றது.

அக்கடையின் பெருங் காட்சிகள் மூன்று. மூன்றும் மூன்று விற்பனை நாள்கள். பக்கம் பக்கமாகத் துணிகள் அருவியாகக் கொட்டுகின்றன, மலையாக எழுகின்றன, பனியாகப் பெய்கின்றன, மலர்களாக விரிகின்றன. ஈற்றதிகாரத்தின் வெள்ளை விற்பனையைப் படிப்பவர் எவரும் மயங்காதிருக்க இயலாது, நானும் மயங்கினேன். தமிழாசிரியர்களுக்கு ஒரு கெட்ட பழக்கமுண்டு: எந்த வாக்கியத்தைக் கண்டாலும் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே, வினைமுதல் யார் என்று தேடுவோம். இப்பக்கங்களில் வினைமுதல் யாரெனத் தேடினால், துணியே வினைமுதல். துணி கொட்டுகின்றது, துணி எழுகின்றது, துணி பொழிகின்றது. அதைக் கொட்டிய, எழுப்பிய, பொழிவித்த கை வாக்கியத்தில் இல்லை. அக்கை இல்லாததனாலேயே அக்காட்சி நம்மை மயக்குகின்றது. உத்தேனின் அடுக்கு ஓர் ஊழியனின் அடுக்கு, அது கலைக்கப்படுகின்றது. மூரேயின் அடுக்கு ஒரு மேதையின் அடுக்கு, அது போற்றப்படுகின்றது. ஒன்பதாம் அதிகாரத்தில் மூரே கட்டளையிட்ட மாற்றத்தை நிறைவேற்ற பண்டங்களைச் சுமந்தவர்கள் எத்தனை பேர், மறுநாள் அவர்களின் தோள் எவ்வாறிருந்தது என்பதற்கு அங்கே இடமில்லை. மூரேயின் நுண்ணறிவுக்கே இடமுண்டு.

1936ஆம் ஆண்டில் 'எடுத்துரைப்பதா, விவரிப்பதா?' என்ற கட்டுரையில் லூக்காச் ஸோலாவின்மீது சாட்டிய குற்றம் நமது வாசகர் பலரும் அறிந்ததே. 'நானா' நாவலிலுள்ள குதிரைப் பந்தயத்தையும் 'அன்னா கரினினா'விலுள்ள பந்தயத்தையும் ஒப்பிட்டு, ஸோலா வெளியே நின்று பார்த்து விவரிக்கின்றார், அவரிடத்தில் பொருள்கள் மனிதரை விழுங்கிவிடுகின்றன என்றார் அவர். அதற்கு முன்னர் 1888இல் மார்கரெட் ஹார்க்னெஸுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸும் பல்ஸாக்கையே ஸோலாவினும் மிக உயர்ந்த யதார்த்தவாதியாக மதித்தார். இவ்விரு தீர்ப்புக்களையும் மேற்கோளாகக் கொண்டு, 'இயற்பண்புவாதம்' என்ற முத்திரையைக் குத்தி, ஸோலாவை மூடி வைத்துவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அதற்கு நான் உடன்படேன். பொருள்கள் மனிதரை விழுங்குகின்றன என்பது மெய்தான். ஆனால் பேரங்காடி என்பதே பொருள் மனிதரை விழுங்குமாறு கட்டப்பட்ட இடமாயிற்றே. முதலதிகாரத்தில் தெனிஸ் அதிகாலையில் கண்ணாடிக்கு முன் நிற்கின்றாள். உள்ளே ஆடையணிந்த பொம்மைகள், அவற்றுக்குத் தலையில்லை, தலையிருக்க வேண்டிய இடத்திற் பெரிய எழுத்தில் விலைச்சீட்டுக் குத்தப்பட்டிருக்கின்றது, இருபுறத்துக் கண்ணாடிகளும் அவற்றைத் தெரு முழுவதற்கும் பெருக்கிக் காட்டுகின்றன. இதை வெறும் விவரணை என்று எவர் கூறுவார்? பண்டம் மனித உறவை எவ்வாறு மறைக்கின்றது என்பதைப் பொருளியல் நூல் ஓர் அதிகாரத்திற் கூறுவதை ஸோலா ஒரு பந்தியிற் காட்டிவிட்டார்.

ஆகவே என் குறை லூக்காச்சின் குறையினின்றும் சிறிது வேறுபட்டது. ஸோலா விவரித்தது தவறன்று. விவரித்தபோது அவர் முதலாளியின் பக்கத்திலிருந்தே கடையைப் பார்த்தார். அதாவது, திறந்த கடையைப் பார்த்தார். திறக்குமுன் உள்ள கடை அவருடைய குறிப்பேடுகளில் இருந்தது. நாவலில் அதற்குக் கிடைத்த இடம் சிறிது.

சிறிதே ஆயினும் அச்சிறு பகுதிகள் நாவலின் உயிர்நிலை என்பதை மறுத்தல் நேர்மையன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதங்களில் தெனிஸுக்கு நிலையான சம்பளம் இல்லை. விற்றதற்கேற்ற பங்குப் பணம் மாத்திரமே. மேலங்கிகளின் கட்டுக்களைச் சுமந்து அவளுடைய தோள் கன்றுகின்றது. கடை கொடுத்த கறுப்புப் பட்டு உடை அவள் மெலிந்த உடம்புக்குப் பெரிதாயிருக்கின்றது. ஏனைய பெண்கள் சிரிக்கின்றார்கள். கூரைக்குக் கீழேயுள்ள குளிர்ந்த அறையிற் படுக்கின்றாள். கோடையில் வியாபாரம் மந்தமானதும் காசாளரிடம் போகச் சொல்லும் ஒரு சிறு வாக்கியத்தோடு ஊழியர்கள் தெருவுக்கு அனுப்பப்படுகின்றார்கள். இவற்றை எழுதிய கை பெரிய கைதான்.

கறுப்பு உடை இன்றும் மாறவில்லை. என் மாணவிக்கும் கடையே கறுப்புக் கோட்டும் காற்சட்டையும் கொடுத்திருக்கின்றது. அவள் நாள்தோறும் கையுறையணிந்து தூக்கி வைக்கும் பையொன்றின் விலை அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தினும் அதிகம். இவ்விடத்தில் என் மனம் வழக்கமான வழியிற் சென்றது. நான் பதிலெழுதியபோது, இரக்கமும் கோபமும் கலந்து, சுரண்டல் என்ற சொல்லைப் பல முறை பயன்படுத்தினேன். அவளுடைய மறுமொழி என்னைச் சிறிது தலைகுனியச் செய்தது:

"எனக்கு இரக்கப்படாதேங்கோ ரீச்சர். எனக்கு இந்த வேலை பிடிக்கும். அம்மா சட்டை தைக்கேக்கை பக்கத்திலை இருந்து பாத்தபடியால் ஒரு தையல் எப்பிடி விழும் எண்டு எனக்குத் தெரியும். கோட்டின்ரை தோளை ரெண்டு விரல் திருப்பி வைச்சால் உள்ளுக்கு ஆள் நிக்கிற மாதிரி இருக்கும். அது எல்லாருக்கும் வராது. எனக்குக் கோபம் வேறை விசயத்திலை."

அந்த வேறு விசயம் இது. ஒரு முறை கண்ணாடிக் காட்சியை முடித்து அவள் அனுப்பிய படத்தில், ஓரத்துக் கண்ணாடியில் அவளுடைய கை விழுந்துவிட்டது. கை தெரியாமல் மறுபடி எடுத்து அனுப்புமாறு தலைமையகம் பணித்தது. அவள் எடுத்தனுப்பினாள். அந்தக் காட்சி நன்றாயிருந்ததென்று பிற கடைகளுக்கும் மாதிரியாகச் சுற்றுக்கு விடப்பட்டது. அதன்மேல் இருந்த பெயர் அவளுடையதன்று.

திறமையை மறுத்துவிட்டு உழைப்பாளிக்கு இரங்குவதும் அவரை மறைப்பதன் இன்னொரு வகையே என்பதை இத்தனை ஆண்டுகள் இலக்கியம் படிப்பித்த பின் ஒரு மாணவியின் கடிதத்திலிருந்து நான் கற்க வேண்டியதாயிற்று. இதே தவறு ஸோலாவிடமும் உண்டு. அவருடைய ஊழியர்கள் துன்பப்படத் தெரிந்தவர்கள், பொறாமைப்படத் தெரிந்தவர்கள், ஒருவரையொருவர் தள்ளி மேலேறத் தெரிந்தவர்கள். துணியைக் கையால் அறிந்தவர்களாக அவர்களை அவர் அதிகம் காட்டவில்லை. உத்தேனின் இதமான அடுக்கு ஒரு பழைய மரபின் அறிவைக் கொண்டது. நாவலில் அது மூரேயின் புதுமையைத் துலக்கிக் காட்டும் பின்திரையாக மாத்திரம் பயன்படுகின்றது. அறிவு முழுவதும் முதலாளியிடம், வேதனை முழுவதும் ஊழியரிடம் என்ற பங்கீடு கலையழகுக்கு வசதியானது, உண்மைக்குப் பொருந்தாதது.

ஸோலா காணாததும் காண முடியாததுமான ஒரு திருப்பத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். மூரேயின் கடை குவிக்கின்றது. என் மாணவியின் கடை நீக்குகின்றது. ஒரு தட்டில் மூன்று பைகள். நான்காவது களஞ்சிய அறையிலிருக்கும். தட்டு நிறைந்துவிடாமற் பார்ப்பது அவளுடைய கடமைகளுள் ஒன்று. விலை தெரியாது, ஓசையில்லை, வாசலிற் காவலாளி நிற்கின்றார். மூரே கொன்ற போதூவின் கடையும் இப்படித்தான் இருந்தது: சில பண்டங்கள், அமைதி, அரையிருள். போதூவின் அமைதியை மூரேயின் மூலதனம் விலைக்கு வாங்கிவிட்டது போலும்! ஸோலா குறிப்பெடுத்த பொன் மார்ஷேயே 1984ஆம் ஆண்டில் டியோர் நிறுவனத்தோடு சேர்த்து பேர்னார் ஆர்னோவின் கைக்கு வந்தது. இன்று அது எல்.வி.எம்.எச். என்னும் ஆடம்பரப் பண்டக் குழுமத்தின் சொத்து. மலிவாகவும் விரைவாகவும் விற்றுப் பெருகிய கடை, அரிதாகவும் அருமையாகவும் விற்கும் கடையாயிற்று.

அருமை என்பது இங்கே இயற்கையான அருமையன்று. பேர்பெரி என்னும் ஆங்கில நிறுவனம் ஓராண்டுக்குள் 2 கோடி 86 இலட்சம் பவுண் பெறுமதியான தன் பண்டங்களை அழித்ததாக 2018இல் வெளிவந்த அதன் ஆண்டறிக்கை கூறியது. கண்டனம் எழுந்த பின் அவ்வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. விற்காத ஆடைகள் போன்றவற்றை அழிப்பதைத் தடுக்கும் சட்டத்தைப் பிரான்ஸ் 2020இல் இயற்றி 2022இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஒரு சட்டம் இயற்றித் தடுக்க வேண்டிய அளவுக்கு அது வழக்கமாயிருந்தது என்பது பொருள். மூன்று பைகளுக்கிடையே உள்ள வெற்றிடமும் இவ்வாறு செய்யப்பட்டதே. அந்த வெற்றிடத்தைச் செய்வதும் உழைப்பே. மூரேயின் குவியலையேனும் யாரோ சுமந்திருப்பார்கள் என்று சற்று நின்று எண்ணினால் ஊகிக்கலாம். வெற்றிடத்தை யார் சுமந்தார்கள் என்று எவர் கேட்பார்? அவளுடைய கடிதம் இல்லையேல் நானும் கேட்டிருக்கமாட்டேன்.

இனி, முடிவு. பன்னிரண்டாம் அதிகாரத்தில் தெனிஸின் செல்வாக்கினால் சீர்திருத்தங்கள் வருகின்றன: மந்த காலத்தில் வேலைநீக்கத்துக்குப் பதிலாக விடுமுறை, உதவி நிதி, நூலகம், வைத்தியர். இவை ஸோலாவின் கற்பனை மாத்திரமல்ல. பொன் மார்ஷேயின் உரிமையாளர் பூசிக்கோ 1876இல் ஊழியர் சேமநிதி தொடங்கியது வரலாறு. ஆனால் நாவலில் இவை எங்கிருந்து வருகின்றன? முதலாளியின் காதலிலிருந்து வருகின்றன. கடைசி நாளில் ஒரு நாள் வரவு முதன்முறையாகப் பத்து இலட்சம் பிராங்கைத் தாண்டுகின்றது. அப்பணம் மேசைமீது கிடக்க, மூரே தெனிஸிடம் தன்னை ஒப்புவிக்கின்றான். ஊழியரின் வழக்கு ஒரு திருமணத்தோடு தீர்த்துவைக்கப்படுகின்றது. சினிமாக் கதை என்று மேலே கூறியது இதனாலேயே.

கதை முடிவுறும் அதே 1869ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் கடை ஊழியர்கள் வேலை நேரத்தைக் குறைக்குமாறு கோரி வேலைநிறுத்தம் செய்தார்கள். ஸோலா அப்போது அந்நகரிலேயே பத்திரிகையாளராயிருந்தார். நாவலில் அதன் நிழலும் இல்லை. இரண்டாண்டு கழித்து, 1885இல், அதே ஸோலா சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைப் பொருளாகக் கொண்டு 'ஜெர்மினால்' எழுதினார். சுரங்கத்தில் அவர் கண்ட தொழிலாளியைக் கடையில் ஏன் காணவில்லை? கரி படிந்த கை தொழிலாளியின் கை என்று எளிதில் விளங்குகின்றது. கையுறை அணிந்த கை அவ்வாறு விளங்குவதில்லை. ஸோலாவுக்கு மாத்திரமன்று, நமது சஞ்சிகைகளில் எழுதும் நமக்கும் அப்படியே. தோட்டத்தையும் ஆலையையும் வயலையும் பற்றிக் கதைகள் வருகின்றன. கடைச் சிப்பந்தியைப் பற்றி வருவன மிகச் சில, அவையும் பெரும்பாலும் முதலாளியின் மகளைக் காதலிக்கும் சிப்பந்தியைப் பற்றியன.

இவ்வினாவை அவளுக்கும் எழுதியிருக்கின்றேன். 'ஜெர்மினால்' தொடங்கிவிட்டதாகவும், அதிகாலை ரெயிலில் நாளுக்குப் பத்துப் பக்கமே ஓடுவதாகவும், முடித்த பின்னரே பதில் எழுதுவதாகவும் கூறியிருக்கின்றாள்.